பற்றறி இல்லாத மண் மீற்றரும் எங்கள் வளவின் ஆறு மண்ணும்

முதலே சொல்லிவிடுகிறேன், நீளமாக எழுதிவிட்டு முடிவை ஒளித்து வைத்தேன் என்று பிறகு திட்டக்கூடாது. பிஎச் (மண்ணின் புளிப்பும் காரமும்) பார்க்கலாம் என்று நினைத்து இந்த மண் மீற்றரை வாங்க இருந்தால் காசைப் பொத்திக்கொண்டு இருங்கள். ஈரம் பார்க்க என்றால் வாங்கலாம், ஆனால் எங்கள் பக்கத்து மண்ணில் அதைக் குத்துவதற்கே ஒரு வித்தை வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். மூன்றாவதாக வெளிச்சம் பார்க்க என்று ஒரு வேலையும் வைத்திருக்கிறார்கள். வன்னியில் வெயில் அடிக்கிறதா என்று மீற்றர் வைத்துப் பார்க்கும் நிலைமை இன்னும் வரவில்லை.

சாமான் இதுதான்: உள்ளங்கையளவு பச்சைப் பிளாஸ்டிக் தலை, அதில் ஒரு முள், கீழே ஒரு சாண் நீளத்தில் இரண்டு கம்பி, தலையின் நடுவில் ஈரம், வெளிச்சம், பிஎச் என்று மாற்றுவதற்குச் சின்ன ஆளி. பற்றறி கிடையாது. இணையத்தில் ஓர்டர் பண்ணி, கூரியர் காசோடு 2,350 ரூபா முடிந்தது. உறையில் சீன எழுத்தும் கொஞ்சம் உடைந்த ஆங்கிலமும் இருந்தன, செய்தவர் யார் என்று பெயர் இல்லை. இதே அச்சைப் பச்சை, கறுப்பு, வெள்ளை என்று பத்துப் பெயரில் விற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் குடல் ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அதனால் இதை ஒரு பெயருக்கான விமர்சனமாக எடுக்காமல் அந்த இனத்துக்கே எழுதினதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் வாங்கினேன் என்றால் கத்தரியால். மாங்குளத்தில் இருந்து மல்லாவிக்குப் போகும் பாதையில் எங்கள் காணி, வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகத் தோட்டம். முந்தின வருசக் காலபோகத்துக்கு (மாரிப் பயிருக்கு) ஒரே நாற்றுமேடையில் பிடுங்கிய கன்றுகளை ஒரே நாளில், ஒரே கையால் (அம்மாவின் கை, அதில் குறை சொல்ல ஏலாது) பன்னிரண்டு வரிசை நட்டோம். தை பிறக்கும்போது பார்த்தால் வடக்கு முனையில் கன்று என் நெஞ்சு உயரம், நடுவில் முழங்கால் உயரம், மேற்கு வேலியோரம் போனால் கணுக்கால் உயரத்தில் நாலு இலையோடு, நட்ட அன்றைக்கு இருந்த அதே கோலத்தில் நிற்கிறது. அதுவும் படிப்படியாகக் குறையவில்லை, கோடு கீறினமாதிரி இரண்டடிக்குள் மாறுகிறது. கோடு கீறினமாதிரி மாறினால் அது நோய் இல்லை, மண்தான் என்று ஒருவரும் சொல்லாமலே விளங்கும். எந்த மண்ணுக்கு என்ன குறை என்பதுதான் விளங்காது. எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன், எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் யூரியா போட்டேன். நெஞ்சளவில் நின்றது கழுத்தளவுக்கு வந்தது. கணுக்காலளவில் நின்றது அப்படியே நின்றது.

அந்த எரிச்சலில் ஒரு இரவு போனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இந்த மீற்றரின் விளம்பரம் வந்து விழுந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண் கறுத்த, பஞ்சுமாதிரி மண்ணில் வெண்ணெயில் கத்தி இறக்குவதுபோல அதைக் குத்துகிறா, முள் ஆடுகிறது, அவ சிரிக்கிறா. நான் ஓர்டர் பண்ணிவிட்டேன்.

பார்சல் மாசியில் வந்தது. மாசியில் எங்கள் செங்கபில மண் எப்படிக் கிடக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழைக்குக் காலில் அப்பிக்கொண்டு செருப்பைக் கழற்றும், இரண்டு கிழமை வெயில் பட்டால் அலவாங்குக்கும் மசியாது. கம்பியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன், இரண்டு அங்குலம் இறங்கி நின்றது. இன்னொரு அழுத்தில் ஒரு கம்பி வளைந்துவிட்டது. பின்னால் நின்று பார்த்த அம்மா, "உது என்ன, மாட்டுக்கு ஊசி போடுற சாமானோ?" என்று கேட்டா. விலையைச் சொன்னேன். "உந்தக் காசுக்கு அரைப் பெட்டி எரு பறிச்சிருக்கலாம்" என்றா. அன்றைக்கு அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சரி, வித்தைக்கு வருகிறேன். ஒரு பலகைத் துண்டில் மீற்றரின் கம்பிகளுக்குள்ள இடைவெளியிலேயே இரண்டு ஆணி அடித்துக்கொள்ளுங்கள், ஆணி கம்பியைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். அதை முதலில் மண்ணில் குத்தி எடுத்து, அந்த ஓட்டையில்தான் மீற்றரை இறக்க வேண்டும். ஓட்டை பெருத்தால் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று நிற்கும், முள் சும்மா காய்ந்திருக்கிறது என்று பொய் சொல்லும், அதனால் இறக்கியபின் சுற்றி விரலால் நெரித்துவிடுங்கள். கல் தட்டினால் விட்டுவிட்டு ஒரு சாண் தள்ளிக் குத்துங்கள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு இழுத்து, துணியால் துடைத்து வையுங்கள். மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுப் போகிற சாமான் இல்லை இது, விட்டால் கம்பி அரித்துப்போகும். ஓர் இடத்தில் ஒரு தரம் குத்திப் பார்த்து நம்பவும் வேண்டாம், மூன்று இடத்தில் குத்தி இரண்டு ஒத்துவந்தால் எழுதுங்கள்.

பற்றறி இல்லாமல் முள் எப்படி ஆடுகிறது என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் படிக்கும் தங்கச்சி ஒருத்தி, சித்தியின் மகள், லீவில் வந்தபோது சொன்னாள்: "பள்ளிக்கூடத்தில எலுமிச்சங்காயில செப்பும் நாகமும் குத்தி மின்சாரம் எடுத்தது ஞாபகம் இருக்கோ அண்ணா, அதுதான் இது." இரண்டு கம்பியும் இரண்டு வேறு உலோகம், நடுவில் ஈர மண், அதில் பிறக்கும் துளி மின்சாரம்தான் முள்ளைத் தள்ளுகிறது. ஆகவே அது அளப்பது தண்ணீரை அல்ல, மண் எவ்வளவு மின்சாரத்தை விடுகிறது என்பதை. தண்ணீர் கூடினாலும் மின்சாரம் கூடும், உப்பு கூடினாலும் கூடும். இதை நான் நம்பாமல் சோதித்துப் பார்த்தேன். ஒரே மண்ணை இரண்டு பால்மா ரின்னில் போட்டு, இரண்டுக்கும் அளந்து ஒரே அளவு தண்ணீர் விட்டு, ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி அடுப்புச் சாம்பலைக் கலந்தேன். சாம்பல் இல்லாதது 4 காட்டியது, சாம்பல் போட்டது 7. தண்ணீர் ஒன்றுதான். அதனால் பசளையோ சாம்பலோ போட்ட கையோடு இதைக் கொண்டுபோய்க் குத்தி "நல்ல ஈரம்" என்று சந்தோசப்படாதீர்கள்.

பிஎச் பக்கம் இன்னும் மோசம். ஆளியைத் திருப்பிவிட்டு வளவு முழுக்கக் குத்தினேன். இங்கே 7, அங்கே 7, வேலியோரம் 7, கிணற்றடியில் 6.8. கணுக்கால் கத்தரிக்கும் நெஞ்சளவுக் கத்தரிக்கும் ஒரே எண். மீற்றரைத் தண்ணீருக்குள் அமிழ்த்த வேண்டாம் என்று உறையில் போட்டிருந்ததால், நியாயமாக இருக்கட்டும் என்று ஒரு ரின் மண்ணை வினாகிரி கலந்த தண்ணீரால் குழைத்து ஒரு இரவு வைத்துவிட்டுக் குத்தினேன். மூக்கைத் துளைக்கிற வினாகிரி மணம், முள் 6.5க்கு வந்து அங்கேயே படுத்துவிட்டது. இதற்குமேல் அந்தப் பக்கத்துக்கு ஆளியைத் திருப்பவே இல்லை.

இதற்கிடையில் மண்ணைப் பரிசோதனைக்கும் அனுப்பியிருந்தேன், அதில் செய்த மடைத்தனத்தையும் சொல்ல வேண்டும். மாதிரி எடுப்பது எப்படி என்று சொல்லியிருந்தார்கள்: மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, ஆறு அங்குல ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி, அந்தக் குழியின் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு சீவல் எடுக்க வேண்டும். இப்படிப் பல இடத்தில் எடுத்து, நன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிர் எதிர்ப் பங்கை எறிந்து, மிஞ்சியதில் அரைக் கிலோ அளவை நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். நான் கவனமாகப் பதினைந்து இடத்தில் எடுத்து, எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டுக் கலந்தேன். ஐந்து கிழமைக்குப் பிறகு கடதாசி வந்தது, பிஎச் 7.2. அருமையான மண், கத்தரிக்கு ஒரு குறையும் இல்லை. என்ன பிழை என்றால் அந்த 7.2 உள்ள மண் எங்கள் வளவில் ஓர் இடத்திலும் இல்லை. வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்துவிட்டு வாளியில் இளஞ்சூடு என்று எழுதினமாதிரி. வேறு வேறு மாதிரிப் பயிர் நிற்கிற இடங்களை ஒரே மாதிரியில் கலக்கக்கூடாது, வேறு வேறாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் தரம் மூன்று உறையில் கொடுத்தேன். நெஞ்சளவுக் கத்தரி நின்ற இடம் 6.7, நடு 6.5, கச்சான் (நிலக்கடலை) மஞ்சளித்த கிழக்கு மூலை 8.2. அந்தக் கிழக்கு மூலையைத்தான் என் மீற்றர் 7 என்று சொன்னது. பிஎச்சில் ஓர் எண் கூடுவது பத்து மடங்கு மாற்றம், அதனால் இது "கொஞ்சம் முன்னப்பின்ன" கதை இல்லை.

இப்போது மீற்றரின் நல்ல பக்கத்தைச் சொல்லாவிட்டால் பாவம். எண்ணை நம்பாதீர்கள், ஓர் இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். கிளிசரியாத் தடி ஆறு வெட்டி, பயிர் மாறுகிற ஆறு இடத்தில் ஊன்றினேன். ஒவ்வொரு தடியடியிலும் ஒரு முழச் சதுரத்தில் பின்னேரம் இரண்டு வாளித் தண்ணீர், சரி அளவாக. அடுத்த நாள் காலையில், அதற்கடுத்த நாள், பிறகு நாலாம் நாள் என்று ஒரே நேரத்தில் குத்திக் கொப்பியில் எழுதினேன். வேலியோரம் அடுத்த நாளே 2க்கு இறங்கி, மூன்றாம் தரம் குத்தும்போது முள் அசையவே இல்லை. நடுவில் 7, 5, 3. தெற்கில் வாய்க்கால் பக்கத் தாழ்வில் 9, 9, 8. நாலாம் நாளும் 8! அந்தத் தாழ்வுக்கும் நாங்கள் இத்தனை வருசமாக இரண்டு நாளுக்கு ஒருக்கால் மோட்டர் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறோம். 2022 இல் எண்ணெய்க்கு வரிசையில் நின்றவனுக்கு அந்த 8ஐப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அந்த ஒரு விசயத்தை மாற்றியதிலேயே மீற்றரின் காசு எனக்குத் திரும்பிவிட்டது, அதனால்தான் மேலே "வாங்கலாம்" என்று எழுதினேன்.

ஆனால் மீற்றர் எங்கே என்று மட்டும்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதை மூன்று சாமான் சொன்னது, மூன்றும் வீட்டில் கிடந்தவை: ஜாம் போத்தல், வினாகிரி, மண்வெட்டி.

ஜாம் போத்தல் வேலை பலருக்குத் தெரிந்திருக்கும். போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சத்துக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சவர்க்காரத்தூள், மூடி நன்றாகக் குலுக்கி அசையாமல் வைக்க வேண்டும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் இறங்கிவிடும், வண்டல் ஓரிரண்டு மணித்தியாலத்தில், களி இறங்க ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். ஆறு போத்தலையும் குந்தில் வரிசையாக வைத்தேன். வேலியோரப் போத்தலில் பாதிக்கு மேல் சிறுகல்லும் பருமணலும், மேலே தண்ணீர் ஒரு மணித்தியாலத்தில் தெளிந்துவிட்டது. தாழ்வுப் போத்தல் மூன்று நாளாகியும் பால்தேத்தண்ணிமாதிரிக் கலங்கியே நின்றது. பக்கத்து வீட்டுப் பொடியன் வந்து அதைக் குடிக்கிற சாமானோ என்று கேட்டான்.

மேட்டில் சிவப்பும் தாழ்வில் சாம்பல் நிறக் களியும் என்பது உண்மையில் எங்கள் வளவின் புதினம் இல்லை, உலர்வலயத்துச் சரிவுகளில் பரவலாக உள்ள ஒழுங்கு அது. மேடும் நடுச்சரிவும் செங்கபில மண், அடிச்சரிவில் தண்ணீர் தேங்கிச் சாம்பல் பூத்த களி. அதனால்தான் முன்னோர் மேட்டில் தோட்டமும் தாழ்வில் வயலும் வைத்தார்கள். அரை ஏக்கருக்குள்ளேயே அந்தச் சரிவு ஒன்று ஓடுகிறது என்பதை நான் கவனித்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

மற்ற நாலு இடத்துக்கும் இயற்கையில் காரணம் தேட முடியாது. மண்வெட்டியால் ஒவ்வொரு தடியடியிலும் ஒன்றரை அடி கிண்டினேன். (இங்கே ஒன்று: எங்கள் பக்கத்தில் கிண்டுகிறவர்கள், வெடிபொருள் அகற்றின காணி என்றாலும், தெரியாத இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் கை வைக்காமல் விலகி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். கத்தரி எங்கேயும் போகாது.) வேலியோரம் நாலு அங்குலத்துக்குக் கீழே கிறவல் (றோட்டுக்குப் போடுகிற சரளை மண்), உருட்டி இறுக்கின கிறவல். 2008 இல் போரால் இந்தக் காணியை விட்டு வெளிக்கிட்டு 2010 இல் திரும்பி வந்தோம், இடையில் நின்றவர்கள் வாகனம் விடக் கொட்டியிருக்க வேண்டும். நாங்கள் வரும்போது அதற்குமேல் புல் முளைத்திருந்தது, நாங்களும் உழுதுவிட்டு மறந்துவிட்டோம். கிழக்கு மூலையில் மண்வெட்டிக்குச் சுண்ணாம்புச் சாந்துக் கட்டி வந்தது. கட்டியில் வினாகிரியை விட்டேன், சோடாமாதிரி நுரைத்தது. அது பழைய வீட்டின் குசினி நின்ற இடம். உடைந்த சுவரின் சாந்தும் சீமெந்தும், அதற்கு முன்னால் பல வருச அடுப்புச் சாம்பலும் அங்கேதான் தாண்டு கிடக்கின்றன. 8.2 ஏன் என்று விளங்கிவிட்டது. கச்சான் ஏன் மஞ்சளித்தது என்பதும் விளங்கியது: குருத்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது இரும்புச்சத்து ஏறாததால். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, காரம் கூடினால் வேர் அதை எடுக்க முடியாது. நான் அதற்கும் யூரியாதான் போட்டுக்கொண்டிருந்தேன்.

வடக்கு முனையில், நெஞ்சளவுக் கத்தரி நின்ற இடத்தில், ஒன்றரை அடிக்கும் கறுத்த மண். அப்பாவின் மாட்டுப்பட்டி நின்ற இடம் அது, அம்மா கேட்டவுடன் சொல்லிவிட்டா. நடுவில் நல்ல சிவப்பு மண், யாரும் தொடாதது.

ஆறாவது தடி கிணற்றுக்குக் கிழக்கே. ஒவ்வொரு மாரிக்கும் அந்த இடம் ஒரு சாண் இறங்கும், நாங்களும் ஒவ்வொரு வருசமும் மண் போட்டு நிரப்புவோம், தண்ணீர் தேங்கி மேலே ஓடுமாதிரி இறுகும், வெண்டி முளைத்து முளைத்துச் சாகும். கிண்டினபோது மேலே வரவேண்டிய மண் கீழேயும் கீழே கிடக்கவேண்டிய மஞ்சள் களி மேலேயும் கிடந்தது. மூன்றாவது வெட்டில் மண்வெட்டியில் துணி ஒன்று மாட்டி இழுபட்டது. நைலக்ஸ் சேலை, ஊதா நிறம், இவ்வளவு காலத்துக்கும் உக்கவில்லை. போர் நேரத்தில் பதுங்க நாங்கள் வெட்டின பங்கர். அந்த நாளில் உரப்பை கிடைக்காமல் சேலைகளை வெட்டிப் பை தைத்து மண் நிரப்பி அடுக்கினோம், மேலே பனங்குற்றி. குற்றி உக்க உக்க இடம் இறங்குகிறது. அம்மா அந்தத் துண்டை உதறிப் பார்த்துவிட்டு, "இது குஞ்சியம்மாவின்ர" என்று சொல்லி வேலிக் கதியாலில் கொளுவிவிட்டுப் போய்விட்டா. அன்றைக்கு மேலும் கிண்டவில்லை.

மீற்றருக்கு விமர்சனம் எழுதுகிறேன் என்று வந்துவிட்டு எங்கேயோ போய்விட்டேன். ஆனால் மீற்றரை வாங்கியிருக்காவிட்டால் தடி ஊன்றியிருக்க மாட்டேன், தடி ஊன்றாவிட்டால் கிண்டியிருக்க மாட்டேன்.

பிறகு என்ன செய்தோம் என்பதையும் கேட்பீர்கள். எல்லா இடத்தையும் ஒரே மண்ணாக்குகிற எண்ணத்தைக் கைவிட்டோம். கிறவல் ஓரத்தை முழுக்கக் கிண்ட ஆள்கூலிக்குக் கட்டாது, அதனால் ஆறு குழி மட்டும் இரண்டடி ஆழத்துக்கு அலவாங்கால் உடைத்து, அதில் மாட்டெருவும் நடுவிலிருந்து அள்ளின சிவப்பு மண்ணும் நிரப்பிப் பூசணியும் நீத்துப்பூசணியும் போட்டோம். வேர் குழிக்குள், கொடி கிறவலுக்கு மேல். கொடிக்குக் கீழே என்ன கிடந்தால் அதற்கென்ன? சித்திரைக்கு முன்னே காய் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. குசினி மூலைக்குக் கந்தகம் போட்டால் காரம் குறையும் என்று ஒருவர் சொன்னார், ஆனால் சாந்துக் கட்டி உள்ளே கிடக்கும் மட்டும் அது கரைந்து கரைந்து திரும்பக் காரமாக்கும், கந்தகம் போட்ட காசு வீண். கட்டிகளைப் பொறுக்கி மூன்று லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டி ஏற்றினோம், இன்னும் வருகிறது. அங்கே முருங்கை நட்டிருக்கிறோம், அது அந்த மண்ணைப் பற்றி முறைப்பாடு ஒன்றும் சொல்லவில்லை. அடுப்புச் சாம்பலை இனி அந்தப் பக்கம் கொண்டுபோகக்கூடாது என்று அம்மாவுக்குச் சொல்லியாயிற்று. கேட்பாவோ தெரியாது.

தாழ்வில் கத்தரியோ மிளகாயோ வைக்கிறதை விட்டாயிற்று. வல்லாரையும் பொன்னாங்காணியும் கங்குனும் அங்கே போட்டால் தண்ணீர் விடவே தேவையில்லை, மாரியில் மட்டும் பாத்தியை ஒரு முழம் உயர்த்த வேண்டும். பங்கர் இடத்தில் வாழை. குழி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மண் போட்டு நிரப்பாமல் பூவரசங் குழையும் கிளிசரியாக் குழையும் வெட்டித் தாட்டு, மேலே எரு. மூன்று கதலி நிற்கிறது.

எனக்கு ஆச்சரியம் தந்தது பட்டியடிதான். வளவிலேயே நல்ல மண் அது, கத்தரி நெஞ்சளவு நின்றது, ஆனால் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் காய் அதிகம் பிடுங்கினது முழங்கால் உயரக் கத்தரியில். பட்டியடியில் எல்லாம் இலைதான், தழைச்சத்து கூடினால் பூக்க மனம் வராது. அதில் நான் யூரியா வேறு கொட்டியிருந்தேன். இப்போது அங்கே கீரை. அந்தக் கறுத்த மண்ணில் மேல் அரை அடியை அள்ளிக் கிறவல் குழிகளுக்கும் கொடுத்தோம், அது இப்போதும் குறைந்தமாதிரித் தெரியவில்லை. அப்பாவின் காலத்தில் பட்டியை வருசத்துக்கு ஒருக்கால் இடம் மாற்றி அடைத்திருந்தால் முழு வளவும் இப்படி இருந்திருக்கும். பலரும் அப்படித்தான் அடைத்தார்கள், அவர் மட்டும் மாடுகளுக்கு அந்த இடத்து நிழல் பிடிக்கும் என்று மாற்றவில்லை.

இடையில் ஒரு கடையில் "சேதனப் பசளை" என்று எட்டு மூட்டை வாங்கி ஏமாந்த கதையும் இருக்கிறது. 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தி, அந்த வருசக் கடைசியிலேயே திரும்ப விட்டார்களே, அந்த நேரத்தில் முளைத்த சரக்கு. அவிழ்த்தால் பாதி உக்காத மரத்தூள், ஷொப்பிங் பைத் துண்டு, போத்தல் ஓடு. உக்காத மரத்தூளை மண்ணில் கலந்தால் அது உக்குவதற்குப் பயிரின் தழைச்சத்தையே பிடுங்கும். கடைக்காரரிடம் கேட்டேன், தான் மூட்டையைத்தான் விற்பதாகவும் உள்ளே பார்ப்பதில்லை என்றும் சொன்னார். வாங்குகிறவர்கள் ஒரு மூட்டையை அவிழ்த்துக் கையை விட்டுப் பாருங்கள்: சூடாக இருந்தாலோ சாணி மணம் அடித்தாலோ இன்னும் உக்கவில்லை.

சரி, மீற்றர். ஈரத்துக்கு ஐந்தில் மூன்றரை கொடுப்பேன். பிஎச்சுக்குப் பூச்சியம். வெளிச்சத்துக்குப் புள்ளி கொடுத்தால் எனக்கு வெட்கம். விற்றவர்களிடம் கம்பி வளைந்ததைச் சொல்லிப் படம் அனுப்பினேன், "மென்மையான மண்ணில் பாவிக்கவும்" என்று பதில் வந்தது. அந்த மண் எங்கே விற்கிறது என்று கேட்டேன், அதற்குப் பதில் வரவில்லை. வளைந்த கம்பியைக் குறட்டால் நிமிர்த்தித்தான் இந்த ஒரு வருசமும் பாவித்தேன், ஒரு கம்பியில் பூச்சு உரிந்து சிவப்புத் தெரியத் தொடங்கியிருக்கிறது, இன்னொரு சிறுபோகம் தாங்கினால் பெரிய காரியம். சாடிகளில் மிளகாய், ரோசா வைத்திருக்கிறவர்களுக்கு இது வசதியான சாமான்தான், அவர்களின் மண் அந்த விளம்பரப் பெண்ணின் மண்ணுக்குக் கிட்ட. தோட்டக்காரருக்கு, ஆறு போத்தலும் மண்வெட்டியும் முதலில், இது பிறகு. பிஎச் வேண்டுமென்றால் பயிர் மாறுகிற இடங்களைப் பிரித்து எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். எங்கே, எப்படிக் கொடுப்பது என்று உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அடித்துக் கேட்கலாம்.

அப்படியும் வாங்குவதென்றால் பச்சைத் தலையை வாங்காதீர்கள். கீரைப் பாத்திக்குள் வைத்துவிட்டு நான் இரண்டு நாள் தேடினேன்.